பிள்ளைக்கு ஒரு நியாயம், வாத்தியாருக்கு ஒரு நியாயம்

1. உடைந்த பல்

சுடலைமுத்து தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஓ.பி.க்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் வலிப்பு நோயாளிகளுக்கு அதுதான் நாள். நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. சமூகப் பணியாளர். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியதும் நோயாளியும் வீட்டாரும் என் மேசைக்கு வருவார்கள். மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது, வலிப்பு வந்தால் வீட்டில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்பதை அவர்களுக்குப் புரியும்வரை சொல்வது என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வேலையில் சேர்ந்தேன். இப்போது இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகள் கேட்டதால் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சுடலைமுத்து விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து நேராக பஸ் ஏறியிருக்கிறார், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. மகள் இசக்கியம்மாள் எட்டாம் வகுப்பு. கழுத்தில் மூன்று தாயத்துகள். உதடு வீங்கி, முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது.

"விழுந்ததில உடைஞ்சுதா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. பிரேயர்ல விழுந்திருக்கா. பல்லைக் கடிச்சுக்கிட்டான்னு யாரோ வாயில சாவியைக் குடுத்து நெம்பியிருக்காவ. அதுல உடைஞ்சுது."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். டி.சி. பள்ளியிலிருந்து பெயரை நீக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"மத்த பிள்ளைய பயப்படுதாம். நொரை பட்டா ஒட்டிக்கிடும்னு ரெண்டு வீட்டுக்காரங்க வந்து சண்டை போட்டிருக்காவ. பெரிய சார் என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டுல வச்சுப் பாரும்னு சொல்லிட்டாவ."

அந்தப் பிள்ளை அதுவரை தலையைக் குனிந்தே இருந்தது. யாரும் கேட்காமலே சொன்னது: "கணக்குல நான்தான் மொதல்ல."

டாக்டர் கார்பமசெபின் மாத்திரையைக் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் போடச் சொல்லி எழுதினார். மதியம் என்றால் பள்ளிக்கூட நேரம். பள்ளிக்கூடமே இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூட நேரத்து மாத்திரை. அதை நான் சொன்னதும் அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப நீங்க போய் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பாத்துட்டு வாங்க. சும்மா சண்டை போட்டுட்டு வராதீங்க. அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வாங்க" என்றார்.

அதுவரை எங்கள் மருத்துவமனையில் யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை.

2. ஸ்டாஃப் ரூமில்

அம்பாசமுத்திரம் தாண்டினால் பஸ்ஸின் முன்கண்ணாடி முழுவதும் மலைதான். அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்தது பள்ளி. ஒரு கமிட்டி நடத்திய, அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. தலைமையாசிரியர் அருணாசலம் சார் வெள்ளை வேட்டி, முழுக்கை சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. ஓய்வு பெற அதிக நாள் இல்லாதவர். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பேசினார்.

"டி.சி.யை நான் விருப்பப்பட்டா குடுத்தேன்? ஒங்க டாக்டர் அங்கன இருந்துக்கிட்டு பிள்ளையைச் சேருங்கன்னு எழுதிருதாரு. இங்கன ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

"அந்தப் பிள்ளைக்குப் பல்லு போயிருக்கு சார். அதுக்கு யாரு பதில் சொல்லுதது?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "எங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா. இரும்பு குடுக்கணும்னுதான் எங்க காலத்துல சொல்லித் தந்தாவ" என்றார். பிறகு மணியடிக்கிறவரைக் கூப்பிட்டு, கடைசிப் பீரியடில் எல்லா ஆசிரியர்களையும் ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னார்.

நான் ஒரு சார்ட் வரைந்து கொண்டுபோயிருந்தேன். வலிப்பு என்பது மூளையில் சற்று நேரம் ஏற்படும் மின்கோளாறு, தொட்டால் ஒட்டாது, நுரை பட்டால் ஒட்டாது, பேயும் இல்லை சாபமும் இல்லை என்று ஆரம்பித்தேன். பாதிப் பேர் கேட்டார்கள். ஒரு டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார், சார்ட்டிலிருந்து ஏதோ பரவிவிடும் என்பது போல.

வாசல் நிலையில் சாய்ந்தபடி ஒருவர் நின்றிருந்தார். உள்ளே வந்து உட்காரவே இல்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள், நெற்றியில் திருநீறு, விரல்களில் சாக்பீஸ் தூசி. கணக்கு வாத்தியார் சங்கரலிங்கம் சார் என்று பக்கத்தில் இருந்த டீச்சர் சொன்னார். நான் முடித்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"மேடம் சொல்லுதது சரியாவே இருக்கட்டும். பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை விழுந்தா அன்னைக்குப் பாடம் போச்சு. ஒரு பிள்ளைக்காக மத்த பிள்ளைய படிப்பைக் கெடுக்கணுமா? இதுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் எங்கனயாவது இருக்கும்லா, அங்கன சேர்க்கட்டும்."

பலர் தலையாட்டினார்கள். "ஒங்க பாடத்துல அவதான் முதல் மார்க்குன்னு சொன்னா சார்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பி வெளியே மைதானத்தைப் பார்த்தார்.

செய்து காட்டினால்தான் மனசில் நிற்கும் என்று, யாராவது ஒருவர் தரையில் படுங்கள் என்று கேட்டேன். ஒருவரும் எழவில்லை. சும்மா பாவனைக்குக்கூட வலிப்புக்காரனாகப் படுக்க யாருக்கும் மனசில்லை. நானே படுக்கலாம் என்று சேலையைச் செருகும்போது அருணாசலம் சார் எழுந்தார்.

"நீங்க இருங்கம்மா. நான் படுக்கேன்."

துண்டை உதறி விரித்துப் படுத்தார். பி.டி. வாத்தியார் நான் சொன்னபடி அவரை ஒருக்களித்துத் திருப்பினார். தலைக்கு அடியில் மடித்த துணி. சட்டையின் மேல் பட்டனைக் கழற்ற வேண்டும். பக்கத்தில் இருக்கிற பெஞ்சு நாற்காலியை இழுத்துவிட வேண்டும். கை காலைப் பிடித்து அமுக்கக் கூடாது. வாயில் சாவி, கரண்டி, தண்ணீர், எதுவும் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்குள் நிற்கவில்லை என்றால் கார் பிடித்து ஆஸ்பத்திரி. நின்றுவிட்டால், நினைவு வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அருணாசலம் சார் படுத்தபடியே கேட்டார்: "அப்ப வெங்காயம்?"

"வேண்டாம் சார்."

"செருப்பு?"

"அதுவும் வேண்டாம்."

அவர் ஒரு வேலையை ஒப்புக்கொள்ள யோசிப்பார். ஒப்புக்கொண்டால் அரைகுறையாகச் செய்ய மாட்டார். அன்றே டி.சி.யைத் திரும்ப வாங்கி ரத்து செய்தார். மதிய மாத்திரையைத் தன் மேசை டிராயரில் வைத்துக்கொள்வதாகவும், மணியடித்ததும் பிள்ளை வந்து தன் முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். தெருமுக்கில் நிற்கும் அம்பாசடர் கார்க்காரரிடம் அவரே போய்ப் பேசி வைத்தார்.

அடுத்த முறை போனபோது வகுப்புப் பிள்ளைகளிடம் பேசினேன். அதற்கு முன் இசக்கியிடம் தனியாக, "ஒன்னைப் பத்தி அவங்ககிட்டச் சொல்லலாமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"சொல்லுங்க. எல்லாரும்தான் பாத்துட்டாவளே. என்னன்னு தெரியாமத்தான பயப்படுதாவ."

3. முருகையா, விவசாயம்

சில வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை ஓ.பி. வரிசையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் மேசைக்கு வந்த சீட்டில் "முருகையா, விவசாயம்" என்று எழுதி, சங்கரன்கோவில் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் இருந்தது. மாத்திரை பல வருஷமாகத் தொடர்கிறது. சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த கையில், நகக்கண்ணில் சாக்பீஸ் வெள்ளை.

"சார்" என்றேன்.

"மெதுவா மேடம்" என்றார் சங்கரலிங்கம் சார்.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அதற்குள் அவர் துண்டை அவிழ்த்து மடியில் வைத்திருந்தார்.

"எங்க ஊரு ஆளு யாரும் இங்கன என்னைப் பாத்ததில்ல. வழக்கமா மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கிட்டு, ஒங்க மேசைக்கு வராமப் போயிருவேன். இன்னைக்கு டாக்டர் விடல."

பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்திருக்கிறது. அப்பா ஊருக்குத் தெரியாமல் மதுரைக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்த்தார். மாத்திரை ஒத்துக்கொண்டது. வலிப்பு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. பி.எட். முடித்தார், வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. பெண் வீட்டாரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டு செத்துப்போனார். மனைவி கோமதிக்கு இன்றுவரை தெரியாது. வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை என்று சொல்லியிருக்கிறார். ஒரே மகன், மூன்றாவது படிக்கிறான்.

"அப்ப அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல ஏன் அப்படிப் பேசினிய?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நீங்க பேசப் பேச எனக்கு வேர்த்து ஊத்திட்டு. எல்லாரும் என்னையே பாக்குத மாதிரி இருந்துச்சு. அந்தப் பிள்ளைக்காகப் பேசினா, இவனுக்கு எப்படி இவ்வளவு தெரியும்னு கேப்பாவளோன்னு பயம். எதிர்த்துப் பேசிட்டா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்லா."

மனைவியிடமாவது சொல்லுங்கள் என்றேன். அருணாசலம் சாரிடம் சொன்னால் அவர் தாங்குவார் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்பதற்கான ஆட்டம் இல்லை.

"வலிப்பு இருந்தா கல்யாணமே செல்லாதுன்னு சட்டத்துல இருக்கு, தெரியும்லா? சொன்னா ரெண்டும் போயிரும் மேடம். வேலையும் போயிரும், வீடும் போயிரும்."

அது உண்மைதான். அப்போது சட்டம் அப்படித்தான் இருந்தது. பைத்தியமும் வலிப்பும் அடுத்தடுத்து ஒரே வரியில் இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில்தான் வலிப்பு என்ற சொல்லை அதிலிருந்து எடுத்தார்கள்.

நோயாளி சொன்னது அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்குப் போன நாட்களிலெல்லாம் அவரைத் தெரியாதவர் போலவே வணக்கம் சொன்னேன். அவரும் அப்படியே சொன்னார்.

ஆனால் இசக்கி என்னிடம் வேறு கதை சொன்னாள். கணக்கு சார் தன்னைச் சுவரோரம் கூர்மை எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார வைத்திருக்கிறாராம். வலிப்பு வந்து வீட்டில் இருந்த நாளின் பாடத்தை மறுநாள் மத்தியானம் சொல்லிக் கொடுக்கிறாராம். பரீட்சைக்கு விடிய விடியப் படிக்காதே, தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று திட்டுகிறாராம்.

"அவருக்கு எல்லாம் தெரியுது மேடம். ஒங்க சார்ட்ல இல்லாதது எல்லாம் சொல்லுதாரு."

4. மழை

அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். வலிப்பு வருவது நன்றாகக் குறைந்துவிட்டது. வகுப்பில் ஒரு தடவை வந்தபோது, பிள்ளைகள் நான் சொல்லிக் கொடுத்தபடி செய்தார்கள், பல் உதடு எதுவும் காயமில்லை. அருணாசலம் சார் எனக்கு ஒரு கார்டு எழுதினார். மற்றப் பள்ளிகளிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நானும் டாக்டரும் பேசிக்கொண்ட காலம் அது.

அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. ஆற்றில் வெள்ளம், வழியில் பாலம் முங்கி, மேற்கேயிருந்து பஸ் வரவில்லை. அந்த வார வியாழக்கிழமை எங்கள் ஓ.பி.யில் பாதி ஆள்கூட இல்லை. வராதவர்களில் முருகையாவும் ஒருவர்.

அவரிடம் மாத்திரை தீர்ந்துபோனது. பள்ளிக்கு எதிரிலேயே மெடிக்கல் ஸ்டோர் இருந்தது. அங்கே அதே மாத்திரை இருந்தது. இசக்கிக்காக சுடலைமுத்து அங்கேதான் வாங்குவார். அதனாலேயே அந்த மாத்திரை எதற்கு என்று கடைக்காரருக்குத் தெரியும். கடைக்காரர் கோமதிக்குத் தூரத்து உறவும்கூட. சங்கரலிங்கம் சார் அந்தக் கடைக்குப் போகவில்லை. தலைமையாசிரியர் அறை டிராயரிலும் அதே மாத்திரை இருந்தது. வாய் திறந்து கேட்கக்கூடிய ஆளாக அவர் இல்லை. பஸ் விடும்வரை சமாளித்துவிடலாம் என்று இருந்திருக்கிறார். கூடவே பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை, தூக்கமும் இல்லை.

நடந்ததை எனக்கு அருணாசலம் சாரும் இசக்கியும் சொன்னார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் அவர் போர்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டிருந்த கோடு வளைந்து கீழே இறங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் மேடையிலிருந்து பக்கவாட்டில் சரிந்து விழுந்தார்.

இசக்கி தன் வலிப்பைத் தானே ஒருபோதும் பார்த்ததில்லை. அப்போதுதான் முதன்முதலாக ஒருவருக்கு வருவதைப் பார்த்தாள். "இப்படித்தான் நானும் இருப்பேனான்னு தோணிட்டு மேடம்" என்றாள். ஆனாலும் அவள்தான் முதலில் எழுந்திருக்கிறாள். "ஏலே, யாரும் சாரைப் பிடிக்காதீங்க. மேசையை இழுங்க. ஒருத்தன் போய்ப் பெரிய சாரைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

அருணாசலம் சார் ஓடி வந்தார். "என் கை தானா இடுப்புக்குத்தான் போச்சும்மா, சாவிக்கு. பழக்கம் விடுதா? பிறவு அதை எடுத்து அங்கிட்டு வீசிட்டு, அவரைத் திருப்பிப் படுக்க வச்சேன்."

எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள். வலிப்பு தானாக நின்றது. சங்கரலிங்கம் சாருக்கு ஒரு கீறல்கூட இல்லை. நினைவு திரும்பியதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியரின் முகத்தைப் பார்த்துவிட்டு, வகுப்பைப் பார்த்தார். ஜன்னலில் அடுத்த வகுப்புப் பிள்ளைகளின் தலைகள்.

"எல்லாரும் பாத்துட்டாவளா சார்?" என்று கேட்டாராம்.

"பாத்தா என்னவே. பைய எந்திரியும்" என்றாராம் அருணாசலம் சார்.

அவர் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே சேதி போய்விட்டது.

5. செயலாளரும் கோமதியும்

மறுவாரம் பள்ளிக் கமிட்டியின் செயலாளர் வந்தார். பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறவர், ஊரில் பெரிய மனுஷர். அருணாசலம் சார் என்னையும் வரச் சொல்லியிருந்தார். டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டைக் கொண்டுபோயிருந்தேன். மாத்திரை ஒழுங்காகப் போட்டால் பாடம் நடத்துவதற்கு எந்தத் தடையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. செயலாளர் அதைப் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"டாக்டர் சொல்லுதது சரி. நான் அதுல குத்தம் சொல்லல. ஆனா வாசல்ல வந்து நிக்கானுவ சார்வாள். வலிப்புக்கார வாத்தியாரு வச்சிருக்கிற பள்ளிக்கூடத்துல பிள்ளையைப் போட மாட்டோம்னு சொல்லுதானுவ."

"அந்தச் சின்னப் பிள்ளையை நாம வச்சுக்கிட்டோம்லா அண்ணாச்சி. அப்பவும் இப்படித்தான வந்து நின்னாவ. சொன்னோம், கேட்டுக்கிட்டாவ. பிள்ளைக்கு ஒரு நியாயம், வாத்தியாருக்கு ஒரு நியாயமா?" என்றார் அருணாசலம் சார்.

"பிள்ளை விழுந்தா ஐயோ பாவம்பான். வாத்தியாரு விழுந்தா பள்ளிக்கூடத்தைப் பத்தித்தான் பேசுவான். அதுவும் போக, மறைச்சுல்லா வேலைக்கு வந்திருக்காரு?"

"சொல்லியிருந்தா குடுத்திருப்பியளா?"

செயலாளர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். வேலையை விட்டு எடுக்கவில்லை, அதை அவர் பெருந்தன்மையாகவே நினைத்தார். லீவில் இருக்கச் சொன்னார்கள். லீவு முடிந்து வந்தபோது வகுப்பு கொடுக்கவில்லை. ஆபீஸ் ரூம் மூலையில் ஒரு மேசை போட்டு, பழைய ரெக்கார்டுகளை அடுக்கச் சொன்னார்கள். ஸ்டாஃப் ரூமில் அவர் டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் சார்ட் மாட்டி, ஒட்டாது ஒட்டாது என்று சொன்ன அதே அறையில். அருணாசலம் சார் தினமும் மத்தியானம் தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த மூலை மேசையில் உட்கார்ந்து அவரோடு சாப்பிட்டார். வேறு யாரும் போகவில்லை.

கோமதி தன் அண்ணனோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அண்ணன் டாக்டரிடம், அவருக்கு வலிப்பு எத்தனை வருஷமாக இருக்கிறது என்று எழுதித் தரக் கேட்டார். வக்கீல் வாங்கி வரச் சொன்னாராம். தர முடியாது என்று டாக்டர் சொல்ல, உள்ளே வாக்குவாதம் நடந்தது. கோமதி வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாத்திரை திங்கது எனக்குத் தெரியும்க்கா" என்றாள். "வயித்துப் புண்ணுன்னு சொன்னாவ. இத்தனை வருஷமா மிளகா வத்தலைக் குறைச்சு, புளியைக் குறைச்சு, எனக்கும் பிள்ளைக்கும்கூட அந்தக் கொழம்புதான். எங்க அம்மை வீட்டுக்குப் போனா கேலி பண்ணுவாவ, உப்புச் சப்பில்லாம திங்கியேன்னு. அவருக்கு வயிறு ஆறணுமேன்னு திங்கேன்னு சொல்லுவேன்."

உள்ளே அண்ணன் சத்தம் போடுவது கேட்டது.

"ஒரு நாளாவது கூப்பிட்டு, இந்தாட்டி, புண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல, நல்லா உறைப்பா வையின்னு சொல்லியிருக்கலாம்லா."

"பயந்துட்டாரும்மா. சொன்னா நீ போயிருவியோன்னு பயம்."

"போயிருக்க மாட்டேன்னு இப்ப சொல்லுதேன். அப்ப எனக்கு விவரம் தெரியாத வயசு. என்ன செஞ்சிருப்பேனோ, யாரு கண்டா? ஆனா அப்ப போயிருந்தாலும் ஒரு நோய்க்காரரை விட்டுட்டுப் போயிருப்பேன். இப்ப, நான் யாரு கூட இருந்தேன்னே எனக்குத் தெரியல."

அண்ணன் வெளியே வந்து, "வா போவோம்" என்றார். அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

கல்யாணம் செல்லாது என்று கேட்கும் கோர்ட்டுக் காகிதத்தில் அவள் கையெழுத்துப் போடவில்லை. அண்ணன்மார் எவ்வளவு சொல்லியும் போடவில்லை. ஆனால் சங்கரலிங்கம் சார் வீட்டுக்குத் திரும்பிப் போகவும் இல்லை. மகனைக் கூட்டிக்கொண்டு கல்லிடைக்குறிச்சியில் அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் ஒரு முறை போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தாள், பையனின் படிப்பைப் பற்றிப் பேசினாள். அவரைப் பற்றி, "மாத்திரை சரியா வாங்குதாவளா?" என்று மட்டும் கேட்டாள். வாங்குகிறார் என்றேன்.

6. கை தூக்காதவர்கள்

அருணாசலம் சார் ஓய்வு பெற்ற வருஷமே சங்கரலிங்கம் சாரும் வேலையை விட்டுவிட்டார். மூலை மேசையில் சாப்பிட ஆள் இல்லாமல் போனதுதான் காரணம் என்று நான் நினைத்தேன், அவர் சொல்லவில்லை. சுரண்டைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதப் போனார். அடுத்த வியாழக்கிழமை ஓ.பி.யில் துண்டு இல்லாமல் வந்து, புதிய சீட்டுப் போடச் சொல்லி, தன் சொந்தப் பெயரைக் கொடுத்தார். நான் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"இனிமே மறைக்கதுக்கு என்ன மேடம் இருக்கு" என்றார்.

இசக்கி பத்தாவது பாஸ் செய்தாள். கணக்கில் எதிர்பார்த்த மார்க் வரவில்லை. அந்த வருஷம் அந்தப் பள்ளியில் கணக்குக்கு நிரந்தரமாக ஆள் இல்லை. மேலே படிக்க வைக்கச் சொல்லி சுடலைமுத்துவிடம் பேசினோம். அவர் படிக்க வைத்தார். டீச்சர் டிரெயினிங் போகிறாயா என்று நான் கேட்டபோது அவள் உடனே சொன்னாள்:

"வேண்டாம் மேடம். வாத்தியார் வேலை மட்டும் வேண்டாம்."

பிறகு ஒரு அச்சகத்தில் வேலைக்குப் போனாள். இன்றும் மாத்திரை சாப்பிடுகிறாள், நன்றாக இருக்கிறாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். ஒரு பள்ளியை வலிப்புக்குத் தயார் செய்வது கஷ்டமில்லை. எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எதை வாயில் வைக்கக் கூடாது என்பதை ஒரு பீரியடில் சொல்லிக் கொடுத்துவிடலாம். விழுந்தவர் எழுந்த பிறகு அவரை என்ன செய்வது என்பதை அப்படிச் சொல்லிக் கொடுக்க முடியாது. அந்தப் பள்ளியில் விழுந்த நேரத்துக்கு எல்லாரும் தயாராக இருந்தார்கள். மறுநாள் காலைக்கு ஒருவரைத் தவிர யாரும் தயாராக இல்லை.

அதற்குப் பிறகு பல வருஷம், பல பள்ளிகளுக்குப் போனேன். எந்த ஸ்டாஃப் ரூமிலும் பேச்சை ஆரம்பிக்கும்போது, "நான் பிள்ளைகளைப் பத்தி மட்டும் பேச வரல. இந்த அறையில இருக்கிற ஒருத்தருக்கும் இது இருக்கலாம், அவங்க வீட்டுல இருக்கலாம். இருந்தா அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆனால் சில ஊர்களில், திரும்பும்போது யாராவது ஒருவர் சார்ட்டைச் சுருட்டித் தரும் சாக்கில் பஸ் ஸ்டாப் வரை கூடவே வருவார். பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, "எங்க அக்காவுக்கு இப்படி இருக்கு மேடம்" என்பார். என்ன வயது, எப்போது ஆரம்பித்தது என்று நான் கேட்பதில்லை. "அக்காவை ஒரு வியாழக்கிழமை வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

ஒரு தடவைகூட எந்த அக்காவும் வந்ததில்லை. சொன்னவர்களில் சிலர் வந்தார்கள், தனியாக.